கல்லூரிக் கட்டணம் ஏன் இவ்வளவு ஏறியது, கடன் வாங்கினால் குடும்பம் தாங்குமா?

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவருடைய தம்பிக்குப் பொறியியல் கலந்தாய்வில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அப்பா விசைத்தறித் தொழிலாளி. கல்லூரி கேட்கும் தொகை ஆண்டுக்கு 1,60,000 ரூபாய்: கல்விக் கட்டணம் 55,000, 'டெவலப்மென்ட், ட்ரெய்னிங்' என்று 30,000, ஹாஸ்டலும் மெஸ்ஸும் சேர்த்து 75,000. "படிப்புச் செலவு ஏன் இப்படி ஆனது? கடன் வாங்கிப் படிக்க வைத்தால் எங்களால் தாங்க முடியுமா? இல்லை, என் நகையை வைத்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

வங்கியில் கல்விக் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒவ்வோர் ஆண்டும் கலந்தாய்வுக் காலத்தில் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏழை வீட்டுப் பிள்ளையைக் கல்லூரியிலிருந்து வெளியே தள்ளுவது பெரும்பாலும் நான்கு வருட மொத்தத் தொகை அல்ல. முதல் மாதம், குறிப்பிட்ட ஒரு தேதிக்குள், கையில் ரொக்கமாகக் கேட்கிறார்களே, அந்தத் தொகைதான் தள்ளுகிறது. உதவித்தொகை உண்டு, கட்டணச் சலுகை உண்டு, கடனும் உண்டு. எல்லாம் அந்தத் தேதிக்குப் பிறகுதான் வருகின்றன.

இது மிகைப்பேச்சு இல்லை. 2024-ல் உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தினக்கூலித் தொழிலாளியின் மகனுக்கு தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்தது. இடத்தை உறுதி செய்யக் கட்ட வேண்டியது 17,500 ரூபாய். குடும்பம் பணத்தைத் திரட்டுவதற்குள் இணையதளத்தில் நேரம் முடிந்துவிட்டது. பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஐஐடியில் கல்விக் கட்டணமே கிடையாது. உள்ளே போய்விட்டால் அந்தப் பையனுக்கு அது பெரும்பாலும் இலவசப் படிப்பு. ஆனால் உள்ளே போவதற்கே 17,500 தேவைப்பட்டது. உச்ச நீதிமன்றம் வரை போய், முழு நீதி கிடைக்கச் செய்ய உச்ச நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 142-வது பிரிவைப் பயன்படுத்தி நீதிபதிகள் உத்தரவிட்ட பிறகுதான் சேர்க்கை நடந்தது. உச்ச நீதிமன்றம் வரை போகத் தெரியாமல், வழியில்லாமல் வீட்டிலேயே இருந்துவிடும் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

இனி உங்கள் முதல் கேள்வி, ஏன் இப்படி ஆனது என்பது.

தமிழ்நாட்டில் 1984 வரை பொறியியல் என்றால் அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி என்று விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. அதன்பின் கல்லூரிகள் பெருகி, ஒரு கட்டத்தில் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது உண்மை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இடத்தைக் கொடுத்தது தனியார், விலையைக் கொடுத்தது குடும்பம். அரசு தன் சொந்தக் கல்லூரிகளை அதே வேகத்தில் பெருக்கவில்லை.

டெல்லியிலும் காற்று அதே திசையில்தான் அடித்தது. மத்தியப் பல்கலைக்கழகங்கள் தங்கள் நடைமுறைச் செலவில் 15 விழுக்காட்டை மாணவர் கட்டணம் உள்ளிட்ட சொந்த வருவாயிலிருந்து ஈட்ட வேண்டும், அதைப் பத்தாண்டில் 25 ஆக உயர்த்த வேண்டும் என்று 1993-ல் நீதிபதி புன்னய்யா குழு பரிந்துரைத்தது. 2000-ல் முகேஷ் அம்பானியும் குமாரமங்கலம் பிர்லாவும் பிரதமருக்குக் கொடுத்த அறிக்கை இன்னும் தூரம் போனது: உயர்கல்வியில் செலவைப் படிப்பவரே ஏற்கட்டும், முடியாதவருக்குக் கடன் கொடுக்கலாம் என்றது. மறு ஆண்டே, 2001-ல், இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் வந்தது. நாங்கள் வங்கியில் அதை ஏழைக்கு உதவும் திட்டமாகத்தான் பார்த்தோம், உதவவும் செய்தது. ஆனால் அரசு சுமந்த செலவு மாணவன் பெயரில் கடனாக மாறிய இடமும் அதுதான். 2017-ல் 'ஹெஃபா' என்ற நிதி நிறுவனத்தை மத்திய அரசும் கனரா வங்கியும் சேர்ந்து தொடங்கின. மத்தியக் கல்வி நிறுவனங்கள் கட்டடமும் ஆய்வகமும் கட்ட மானியமாகப் பெற்ற பணத்தின் ஒரு பகுதி அதன் வழியாகக் கடனாக மாறியது. கடன் வாங்கிய நிறுவனம் எங்கிருந்து கட்டும்? கட்டணம் ஏறுவது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது: ஐஐடி பி.டெக் கட்டணம் 2016-லேயே ஆண்டுக்கு 90,000-லிருந்து 2 லட்சமாக உயர்ந்தது. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும், ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் முழு விலக்கு. 5 லட்சம் வரை உள்ளவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. அதற்கு மேல் கொஞ்சம் வருமானம் இருந்தாலும் முழுத் தொகைதான்.

நீதிமன்றங்களின் பங்கும் உண்டு. 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், தனியார் தொழிற்கல்லூரியில் பாதி இடம் அரசுக் கட்டணத்துக்கு, பாதி இடம் கூடுதல் கட்டணத்துக்கு என்று ஒரு கணக்கைப் போட்டது. 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்வு அந்த ஏற்பாட்டை நீக்கிவிட்டது: கல்லூரி தன் கட்டணத்தைத் தானே நிர்ணயிக்கலாம், வளர்ச்சிக்காக நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபமும் நன்கொடை வசூலும் கூடாது என்றது. 'நியாயமான உபரி' எவ்வளவு என்று யார் சொல்வது? அதற்காகத்தான் 2003-ல் இஸ்லாமிக் அகாடமி தீர்ப்பில் மாநிலந்தோறும் கட்டண நிர்ணயக் குழு வந்தது. நமக்கு 2017-ல் அந்தக் குழு நிர்ணயித்தது, கலந்தாய்வு இடத்துக்குக் கல்விக் கட்டணம் 50,000, என்.பி.ஏ. (தொழிற்படிப்புகளுக்கான தேசியத் தரச்சான்று வாரியம்) தரச்சான்று பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000-மும் 87,000-மும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் குழுவின் வரம்புக்குள் வரவில்லை. பல கல்லூரிகள் ஏன் நிகர்நிலை அந்தஸ்துக்கு ஓடின என்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

வாங்கும் பணம் ஆசிரியர் சம்பளத்துக்குப் போகிறது என்று கல்லூரிகள் சொல்லும். சில கல்லூரிகளில் அது உண்மை. ஆனால் 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட தகவல்களைப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் பலவற்றில் ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் வெவ்வேறு கல்லூரிகளில் முழுநேரமாக வேலை செய்வதாகக் கணக்கு காட்டப்பட்டிருந்தது. இல்லாத ஆசிரியருக்கும் சேர்த்து ஒரு விசைத்தறித் தொழிலாளி கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அரசு மனம் வைத்தால் கட்டணம் இறங்கும் என்பதற்கும் இங்கேயே சாட்சி இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் தமிழக அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. அதன் பிறகும் அங்குள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 5.44 லட்சம் வாங்கினார்கள். அப்போது மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் 13,610 ரூபாய். ஒரே அரசு, ஒரே பட்டம், நாற்பது மடங்கு வித்தியாசம். மாணவர்கள் 2020 டிசம்பரில் போராட்டம் தொடங்கினார்கள். ஹாஸ்டலை மூடினார்கள், மெஸ்ஸை மூடினார்கள், பிள்ளைகள் நகரவில்லை. ஐம்பது நாளைத் தாண்டிய பிறகு, 2021 பிப்ரவரியில், கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு அரசுக் கட்டணம் அறிவிக்கப்பட்டது. அந்தப் போராட்டம் நடக்காமல் இருந்திருந்தால் 5.44 லட்சம்தான் 'படிப்புக்கு ஆகும் செலவு' என்று நாமெல்லாம் நம்பிக்கொண்டிருந்திருப்போம்.

இந்தச் செலவு மாணவர்களை என்ன செய்கிறது என்பதைத்தான் நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் அது பாடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. கணிதத்திலோ இயற்பியலிலோ ஆசையுள்ள பிள்ளை, 'சீக்கிரம் வேலை கிடைக்குமா' என்ற ஒரே கேள்வியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வரிசையில் நிற்கிறது. பிறகு அது நேரத்தைத் தின்கிறது. சனி ஞாயிறு கேட்டரிங், இரவில் உணவு டெலிவரி, காலையில் முதல் வகுப்பில் தூக்கம், செமஸ்டர் முடிவில் அரியர். கட்டணம் பாக்கி என்றால் ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. அந்த வாரத்தில் ஒரு பையன் படிப்பானா, கடன் கேட்டு ஊர் ஊராகப் போவானா? வெட்கத்தில் வீட்டுக்கும் சொல்ல மாட்டான், நண்பனுக்கும் சொல்ல மாட்டான்.

படிப்பு முடிந்த பிறகும் விடுவதில்லை. ஐ.டி. நிறுவனங்களில் புதிதாகச் சேருபவரின் சம்பளம் ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்பது பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. ஹாஸ்டலும் மெஸ்ஸும் நிற்கவில்லை. தவணை தொடங்கிவிடும் என்ற பயத்தில் முதலில் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொள்கிறார்கள். மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வுக்கோ டி.என்.பி.எஸ்.சி.க்கோ ஒரு வருடம் உட்கார்ந்து படிக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளையால் முடிகிறது, கடன் உள்ள பிள்ளையால் முடிவதில்லை. மதிப்பெண்ணில் இவர்கள் இருவரும் சமமாகவே இருந்திருப்பார்கள்.

குடும்பத்துக்குள் நடப்பது இன்னும் வேதனை. இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒருவருக்குத்தான் செலவழிக்க முடியும் என்ற நிலையில், பெரும்பாலும் நின்றுபோவது பெண்ணின் படிப்பு. "நான் +2-வோடு நின்றுவிட்டேன்" என்று நீங்களும் ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். அரசின் முதல் பட்டதாரிச் சலுகையே ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். இரண்டாவது பிள்ளை வரும்போது முதல் பிள்ளையின் பட்டமே அதற்குத் தடையாகிவிடுகிறது. வறுமை ஒரு பட்டத்தோடு தீர்ந்துவிடும் என்ற கணக்கில் போடப்பட்ட விதி அது. இதை மாற்ற வேண்டும் என்று பல காலமாகச் சொல்லிவருகிறேன்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம்.

தம்பி ஆறாம் வகுப்பிலிருந்து +2 வரை அரசுப் பள்ளியில் படித்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. படித்திருந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்தில் தொடங்கி, 2021-ல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதில் இடம் பெற்றவருக்குக் கல்விக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அந்த ஒதுக்கீட்டில் இல்லாமல் பொது வரிசையில் இடம் கிடைத்திருந்தாலும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தம்பியின் கணக்குக்கு வரும். நீங்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடி வகுப்பினர், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. மத்திய அரசின் பங்கு இப்போது கல்லூரிக்குப் போகாமல் நேராக மாணவர் கணக்குக்கு வருகிறது. அது தாமதமாக வரும் என்று தெரிந்தே சில கல்லூரிகள் 'முதலில் கட்டு, வந்ததும் எடுத்துக்கொள்' என்கின்றன. தம்பியின் வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பெயரில் ஒரு எழுத்து மாறியதால் ஒரு வருட உதவித்தொகை நின்றுபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இவை எதுவும் பொருந்தாது என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை. அப்படியானால் இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். வருவாய்த் துறை விசாரித்துக் கொடுப்பதற்கு நாளாகும், ஆகவே வருமானச் சான்றையும் சேர்த்து விண்ணப்பித்துவிடுங்கள். கலந்தாய்வு இடத்துக்கு மட்டும்தான் இந்தச் சலுகை, நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. கல்விக் கட்டணத்தில் ஏறத்தாழ 25,000 குறையும். அடுத்து அந்த 30,000. கட்டணக் குழு நிர்ணயித்ததற்கு மேல் கேட்கும் தொகைக்கு எழுத்தில் விவரம் கேளுங்கள், ரசீது கேளுங்கள். ட்ரெய்னிங் கட்டணம் விருப்பமா கட்டாயமா என்று நேராகக் கேளுங்கள். கேட்டவுடனேயே பல இடங்களில் அது குறைகிறது. தமிழ்நாட்டில் 1992-லிருந்தே கூடுதல் கட்டண வசூலைத் தடை செய்யும் சட்டம் இருக்கிறது. நான்கு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு செமஸ்டருக்கோ ஓர் ஆண்டுக்கோ மட்டும்தான் முன்கூட்டி வாங்கலாம் என்பது 2003 தீர்ப்பிலேயே இருக்கிறது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது யு.ஜி.சி., ஏ.ஐ.சி.டி.இ. இரண்டின் விதியும்கூட. சேரும் நாளிலேயே வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இப்படிப் பார்த்தால் 1,60,000 என்பது 1,05,000 அளவுக்கு இறங்குகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் கடன், மீதி கைப்பணம் என்று வைப்போம். மொத்தக் கடன் 4 லட்சம். மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்து ஜாமீனும் வேண்டாம், மூன்றாம் நபர் ஜாமீனும் வேண்டாம், செலவில் ஒரு பகுதியை நாம் போட வேண்டும் என்ற கைப்பங்கும் வேண்டாம். அப்பா இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். ஹாஸ்டல், புத்தகம், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் கடனில் இடம் உண்டு.

வட்டி 10 விழுக்காடு என்று கொள்ளுங்கள். படிக்கும் நான்கு வருடமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கிடையாது, ஆனால் தனி வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. இரண்டாவதுக்கு 40,000, மூன்றாவதுக்கு 30,000, கடைசிக்கு 20,000. ஆக மொத்தம் 1,40,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 5.4 லட்சமாக நிற்கும். பத்து வருடத்தில் கட்டினால் மாதம் 7,100 ரூபாயைக் கொஞ்சம் தாண்டும். பதினைந்து வருடம் என்றால் மாதம் 5,800 ரூபாய், ஆனால் மொத்தமாகக் கட்டி முடிப்பது 10.4 லட்சம்! தவணை சிறிதாக இருக்கிறதே என்று நீண்ட காலத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அந்த 1,40,000-ஐ நீங்கள் கட்டாமலேயே தவிர்க்க வழி இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலமும் அடுத்த ஓராண்டும் சேரும் வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009-லிருந்து உள்ளது. கல்லூரிக்கு நாக் (கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பான NAAC) தரச்சான்றோ, பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. தரச்சான்றோ இருக்க வேண்டும் என்று 2018-ல் நிபந்தனை வந்தது. ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பாருங்கள். தம்பி பாதியில் நின்றுவிட்டால் இந்த மானியம் போய்விடும். இன்னொன்று, மானியம் தானாக வந்து விழாது. கிளைதான் உரிய இணையதளத்தில் கணக்கைப் பதிவு செய்து கோர வேண்டும். பல கிளைகளில் ஆள் மாறியதாலோ மறதியாலோ கோராமல் விட்டு, மாணவர் தலையில் முழு வட்டியும் ஏறியதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆண்டுதோறும் கணக்கு அறிக்கை வாங்கி, 'வட்டி மானியம் வரவு வந்ததா' என்று கேளுங்கள். வந்துவிட்டால் தவணை தொடங்கும்போது கடன் 4 லட்சம்தான். பத்து வருடத்துக்கு மாதம் 5,300 ரூபாய் அளவு. மூன்று லட்சம் சம்பளத்தில் வெளியூரில் அறை எடுத்துத் தங்கினாலும் இதைக் கட்டிவிடலாம். 7,100 என்பது மூச்சு முட்டும்.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: சலுகைகளை வாங்கி, வட்டி மானியத்தோடு 4 லட்சத்துக்குள் நின்றால் தாங்கும். 1,60,000 வீதம் 6.4 லட்சத்தையும் கடனாக வாங்கினால் தாங்காது என்றே சொல்வேன். அந்த 30,000-ஐக் கல்லூரி விட்டுக்கொடுக்கவே இல்லை, தம்பிக்கும் இயந்திரங்களில் ஆர்வம் இருக்கிறது என்றால், அரசு பாலிடெக்னிக்கையும் யோசியுங்கள். கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்கள்தான், டிப்ளமோ முடித்துப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அதை யாரும் குறைவாகப் பேசினால் காதில் வாங்காதீர்கள்.

வங்கியில் என்ன சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். "உங்க ஏரியா எங்க கிளைக்கு வராது" என்பார்கள். அந்தக் காரணத்துக்காகக் கல்விக் கடனை மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. "எல்.ஐ.சி. பாலிசி போடுங்க, டெபாசிட் போடுங்க" என்பார்கள், வேண்டியதில்லை. மறுப்பதாக இருந்தால் மேலதிகாரியின் ஒப்புதலோடு, காரணம் எழுதித்தான் மறுக்க வேண்டும். வாய்மொழியாக 'இல்லை' என்றால் அது மறுப்பே அல்ல. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, அந்தப் பதிவு எண்ணோடு கிளைக்குப் போங்கள். பதினைந்து நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். நாள் தாண்டினால், மாவட்டத்தில் உள்ள வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போங்கள், ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். பின்னாளில் தவணை தவறி வசூல் ஆட்கள் அழைத்தால், காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி உத்தரவுதான். அதைத் தம்பியிடம் இப்போதே சொல்லி வையுங்கள். தேர்தலில் கல்விக் கடன் தள்ளுபடி என்று பேச்சு வரும்போதெல்லாம் கட்டாமல் நிறுத்தி, சிபில் என்ற கடன் மதிப்பெண் கெட்டு நின்றவர்கள் நிறையப் பேர். அந்தப் பேச்சை நம்பித் தவணையை நிறுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக நகை. கல்விக் கடன் வரும்வரை முதல் மாதக் கட்டணத்துக்கு இடைவெளி விழும், அதற்காகத்தான் நகையை நினைக்கிறீர்கள் என்று புரிகிறது. முதலில் கல்லூரி முதல்வரைப் பார்த்து, கடன் விண்ணப்பித்த ரசீதைக் காட்டி, நான்கு வாரம் அவகாசம் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள், காலி இடத்தோடு நிற்கும் கல்லூரிகளுக்கு மாணவரை இழப்பதுதான் நஷ்டம். கொடுக்காவிட்டால் முதல் செமஸ்டருக்குத் தேவையான அளவுக்கு மட்டும், கூட்டுறவு வங்கியிலோ பொதுத்துறை வங்கியிலோ அடகு வையுங்கள், தனியார் அடகுக் கடைக்கோ குழுக்கடனுக்கோ போக வேண்டாம். நீங்கள் கட்டிய தொகைக்கான ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கடன் அனுமதியானதும், ஏற்கெனவே கட்டிய கட்டணத்தை ரசீதின் பேரில் திருப்பித் தரும்படி கிளையில் கேட்கலாம், பல வங்கிகள் தருகின்றன. அந்தப் பணம் வந்த அன்றே நகையைத் திருப்பிவிடுங்கள். உங்கள் பெயரில் இருக்கும் நகை அது. நான்கு வருடத்துக்கும் அதையே நம்பியிருக்கும்படி தம்பியின் படிப்புக் கணக்கைப் போடாதீர்கள்.